மாமியார் தாண்டிய கறுப்புக் கட்டம்: ஹட்டன் பகுதியில் ஒரு குளியலறைத் தரை வடிவமைப்பு – நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனிலிருந்து சற்றுத் தள்ளி, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய புதிய வீட்டுத் தொகுதி ஒன்றில் இந்த வேலை நடந்தது. ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு. மலையகத்தில் இந்திய உதவியோடு கட்டப்பட்ட வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த அளவு பழக்கமானதுதான். வீட்டுக்காரர்கள் பின்பக்கத்தில் ஒரு குளியலறையைச் சேர்த்துக் கட்டினார்கள். உள்ளளவு 6 அடிக்கு 8 அடி. சுவரும் கூரையும் முடிந்து, தரைக்குக் கொங்கிரீட் போட்ட நிலையில்தான் டைல் அடுக்கை வரைந்து தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள்.

வீட்டில் ஐந்து பேர். மருமகள் ஆசிரியை, டைல் விஷயத்தில் முடிவெடுப்பவர் அவர்தான். கணவர் கொழும்பில் வேலை செய்கிறார், மாதத்துக்கு ஓரிரு தடவை வருவார். இரண்டு பிள்ளைகள். ஐந்தாவது ஆள் மாமியார். நாற்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி உண்டு. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, மற்றக் கண்ணில் இன்னும் இல்லை. லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருந்த காலம் முழுக்கப் பீலியில், அதாவது ஊற்றுத் தண்ணீர் விழும் இடத்தில், குளித்தவர். இப்போது அடுப்பில் சுடவைத்த தண்ணீரை வாளியில் கலந்து, சின்ன முக்காலியில் உட்கார்ந்து குளிக்கிறார்.

ஆசிரியை கேட்டது எளிமையானது: சுவர் வெள்ளையாக இருக்கட்டும், தரையில் மட்டும் அழகாக ஒரு கோலம் வேண்டும். கைபேசியில் சில படங்களும் வைத்திருந்தார். பெரும்பாலானவை சின்ன அறுகோண டைல்களால் ஆன கறுப்பு வெள்ளைத் தரைகள். நடுவில் ஒரு பெரிய நட்சத்திரம், சுற்றி ஓரப்பட்டை.

அளவெடுத்தபோது கண்டவை

அறை நேராக இல்லை. கதவிலிருந்து பின்சுவர்வரை ஒரு பக்கம் 2,440 மி.மீ., மறுபக்கம் 2,415. பின்சுவர்தான் 25 மி.மீ. சாய்ந்திருந்தது. பக்கச் சுவர்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய இணை, அகலம் 1,830. மலைச்சரிவில் சேர்த்துக் கட்டும் அறைகளில் இப்படி இருப்பது புதிதல்ல. ஆனால் நாலு பக்கமும் ஓரப்பட்டை போட்டால் அந்த 25 மி.மீ. சாய்வு அப்படியே கண்ணில் குத்தும்.

அடுத்தது வடிகால். பின்பக்க வலது மூலையில் வாய் வைத்திருந்தார்கள். கதவடியிலிருந்து வடிகால் வாய்வரை இறக்கத்துக்குக் கிடைத்த உயரம் 45 மி.மீ. மட்டும். வாளியில் அள்ளி ஊற்றிக் குளிக்கிற அறைக்கு 60க்கு 1 இறக்கமாவது இருந்தால்தான் தண்ணீர் தேங்காது என்பது என் கணக்கு. கதவுப் பக்கத்து எதிர் மூலையிலிருந்து இந்த மூலைக்கு 3,050 மி.மீ. தூரம். அதற்கு 51 மி.மீ. வேண்டும், இருப்பது 45. அதாவது மூலை வடிகாலை அப்படியே விட்டால் எங்கோ ஓரிடத்தில் தண்ணீர் நிற்கும்.

ஜன்னல் சின்னது, உயரத்தில் இருந்தது. ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிற ஊர். தென்மேற்குப் பருவ மழை தொடங்கினால் வாரக்கணக்கில் எதுவும் காயாது. இதை அப்போதே குறித்துக்கொண்டேன். ஜன்னலைப் பெரிதாக்கும் பேச்சு வந்தது, செலவு பார்த்து விட்டுவிட்டார்கள்.

நட்சத்திரத்துக்கு வந்த மறுப்பு

முதல் வரைபடம் ஆசிரியை கேட்டபடியே போனது. அறுகோண டைலில் நட்சத்திரம் தானாகவே விழும். நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு, அந்த ஆறின் இடுக்குகளில் இன்னும் ஆறு வைத்தால் ஆறு முனை வந்துவிடும்.

வரைபடத்தை விரித்துக் காட்டியதும் மாமியார் முகம் மாறியது. ஆறு முனை நட்சத்திரம் அவருக்கு முருகனுடைய சக்கரம். கதிர்காமத்தில் கந்தனை யந்திர வடிவில் வழிபடும் மரபை அறிந்தவர்களுக்கு அவர் சொன்னதில் வியப்பு இருக்காது. ஆசிரியை, “மாமி, இது வெறும் டிசைன். வாசலில் போடும் கோலத்தையும் மிதிக்கத்தானே செய்கிறோம்?” என்று கேட்டார். அதற்கு அவர் சொன்ன பதில்:

“வாசல்ல போடுறது மறுநாள் அழிஞ்சிரும் பிள்ள. இது அழியாது. அதுவும் கக்கூஸுக்குப் பக்கத்துல.”

இதில் வாதாட எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. ஒரு வீட்டுத் தரை இருபது, முப்பது வருஷம் இருக்கப்போகிறது. அதில் ஒருவர் தினமும் மனம் கூசி நிற்பதற்கு அழகு ஒரு காரணமாகாது. ஆசிரியையும் அதிகம் இழுக்கவில்லை. ஆனால் நட்சத்திரத்தை மட்டும் எடுத்துவிட்டு அதே டைலில் வேறு பூ போடலாமா என்று கேட்டார். அறுகோணத்தில் எந்தப் பூ போட்டாலும் ஆறு இதழ்தான் வரும், மாமியார் கண்ணுக்கு அது மறுபடியும் நட்சத்திரமாகத்தான் தெரியும்.

கோலம் போடுபவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் பிடிபடும். ஊடுபுள்ளி (ஒரு வரிசையின் இடைவெளிகளுக்கு நேரே அடுத்த வரிசைப் புள்ளி) வைத்தால் ஆறு பக்கமாக விரியும்; 15 புள்ளியில் தொடங்கி 8இல் நிறுத்தும் கோலம் அறுகோணமாகவே முடியும். நேர்ப்புள்ளி வைத்தால் நாலு பக்கமாக விரியும். ஆகவே மாற்றவேண்டியது பூவை அல்ல, புள்ளியை. சதுர டைலுக்கு மாறினோம். இதை மாமியாரிடம் புள்ளிக் கணக்காகவே சொன்னேன். “அப்ப நேர்ப்புள்ளி. சரி. நடுப்புள்ளி வர்ற மாதிரி ஒத்தப்பட வைங்க” என்றார். அந்த ஒற்றைப்படை பின்னால் பெரிதாக உதவியது.

டைல் தெரிவும் எண்ணிக்கையும்

கடைகளில் 8 அங்குல அச்சு டைல் கிடைத்தது. நாலு சேர்ந்தால் ஒரு பூ. மலிவு, வேலையும் சுலபம். இரண்டு காரணங்களால் அதை விட்டோம். மேலே மெருகு, ஈரத்தில் வழுக்கும். வடிகாலிலும் ஓரத்திலும் பூ பாதியில் வெட்டுப்படும்.

எடுத்துக்கொண்டது, மெருகு பூசாத, உள்வரை ஒரே நிறமான 300 மி.மீ. போர்சலின் டைல். ஒவ்வொன்றையும் ஒன்பதாக வெட்டி 98 மி.மீ. சதுரமாக்குவது திட்டம். மெருகு டைலை இப்படி வெட்டினால் விளிம்பில் உள் மண் நிறம் தெரியும், மெருகும் சிராய்ந்து கையைக் கீறும். உள்வரை ஒரே நிறமானால் வெட்டிய விளிம்பைக் கல்லால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போதும். சின்ன டைலுக்கு இன்னும் இரண்டு பலன் உண்டு. நாலு பக்கமும் வடிகாலை நோக்கிச் சரியும் தரையில் குறுக்கு வெட்டு இல்லாமலே அது வளைந்து கொடுக்கும். இடைவெளிக் கோடுகள் நிறைய இருப்பதால் காலுக்குப் பிடிப்பும் கூடும். அந்தக் கோடுகளைத் தேய்த்துக் கழுவுவது தொல்லை என்பதை ஆசிரியையிடம் முன்கூட்டியே சொன்னேன்.

3 மி.மீ. இடைவெளியோடு அகலத்தில் 18 டைல் வைத்தால் 1,815 மி.மீ., அறைக்குக் கச்சிதம். டைல் ஒட்ட வந்த பாஸுக்கு (மேசனுக்கு) அதுதான் பிடித்தது. ஓரத்தில் வெட்டே வேண்டாம். ஆனால் 18 இரட்டைப்படை, நடுவில் டைல் வராது, கோடுதான் வரும். 17 வைத்தால் 1,714. இரு பக்கமும் ஏறக்குறைய 50 மி.மீ. பட்டை தேவைப்படும், ஆனால் நடு டைல் கிடைக்கும். 17ஐ எடுத்தோம்.

கோலம் என்னவென்றால், சாய்சதுரங்கள். எட்டு டைலுக்கு ஒரு முறை திரும்ப வரும். கதவுப் பக்கத்து முதல் வரிசையை ஒன்று என்று எண்ணினால், கதவிலிருந்து பின்சுவர்வரை போகும் நடு நிரலில் சாய்சதுரங்களின் மையம் 5, 13, 21ஆம் வரிசைகளில் விழும். மொத்தம் 23 வரிசை, 391 டைல். 21ஆம் வரிசை மையம் பின்சுவரிலிருந்து ஒன்றேகால் அடிக்குச் சற்றுக் குறைவு. வடிகால் அங்கே வரவேண்டும் என்று குறித்தேன்.

பாஸுக்கு இது பிடிக்கவில்லை. “கோலத்துக்காகக் கொங்கிரீட் உடைக்கச் சொல்றீங்களா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கோலத்துக்காக மட்டும் என்றால் நானும் உடைக்கச் சொல்லியிருக்க மாட்டேன். இடம் மாறினால் மிகத் தூரத்து மூலையிலிருந்து வடிகாலுக்கு 2,263 மி.மீ., தேவைப்படும் இறக்கம் 38. கிடைக்கும் 45க்குள் அடங்குகிறது. வெளியே போகும் குழாயும் பின்சுவர் வழியாகத்தான் போனது. கணக்கைத் தரையிலேயே கரித்துண்டால் எழுதிக் காட்டிய பிறகு அவரே மட்டக்குழாய் பிடித்துச் சரிபார்த்து, உடைத்தார்.

வடிகால் மூடி 150 மி.மீ. சதுரம். அதை நாலு டைல் சந்திக்கும் இடத்தில் வைத்தால் சுற்றிலும் 25 மி.மீ.க்கும் குறைந்த மெல்லிய துண்டுகள் மிஞ்சும், அவை நிலைக்காது. ஒரு டைலின் மையத்தில் வைத்தால் பக்கத்து நாலு டைலிலும் 72 மி.மீ. மிஞ்சும், மூலை நாலிலும் சின்னச் சதுரம் மட்டும் வெட்டுப்படும். ஒற்றைப்படைக்கு மாறியதால்தான் இது சாத்தியமானது.

சாய்ந்த பின்சுவரை ஏமாற்ற, வரிசைகளைக் கதவுப் பக்கத்திலிருந்து முழு டைலாகத் தொடங்கினோம். கதவைத் திறப்பவர் கண் முதலில் விழுவது அங்கேதான். மிச்ச வேறுபாடு முழுவதும் பின்சுவர் ஓரத்தில் ஒரு பட்டைக்குள் போனது. அதற்கு மட்டும் 300 மி.மீ. டைலை நீளமாக வெட்டி, ஒரு முனையில் 107, மறுமுனையில் 82 மி.மீ. வரும்படி வைத்தோம். ஒரே நிறமாக இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை.

ஒட்டாமல் பரப்பிப் பார்த்தது

இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கட்டம்தான்.

முதல் நிறத் திட்டம் வெள்ளையும் கறுப்பும். ஒவ்வொரு சாய்சதுரத்தின் நடுவிலும் 13 டைல் சேர்ந்த கறுப்புக் கட்டம். வரைபடத்தில் அது மிக அழகு. ஆசிரியை பார்த்தவுடனே சம்மதித்தார். தரை பூச்சு காய்ந்து, நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை அடித்து, ஒரு நாள் தண்ணீர் தேக்கிப் பார்த்து முடித்த பிறகு, ஒட்டாமல் முழுத் தரையையும் பரப்பினோம். வீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கதவிலிருந்து முக்காலிவரை நடந்து வரச் சொன்னேன்.

பிள்ளைகள் ஓடினார்கள். ஆசிரியை நடந்தார். மாமியார் கதவடி தாண்டி இரண்டு எட்டு வைத்தார், முதல் கறுப்புக் கட்டத்தின் முன்னால் நின்றார். சுவரில் கை வைத்தார். பிறகு படியிறங்குகிறவர் போலக் காலைத் தூக்கி அதைத் தாண்டி வெள்ளையில் வைத்தார். அடுத்த கட்டத்திலும் அதேதான். கேட்டதற்கு, “தெரியுதுய்யா, டைல்தான்னு தெரியுது. ஆனா பள்ளம் மாதிரி இருக்கு” என்றார்.

கறுப்புக் கட்டம் ஐந்து டைல் அகலம், ஏறக்குறைய அரை மீற்றர். வெளிறிய தரையில் அந்த அளவு கருமை, பார்வை மங்கியவர்களுக்குக் குழியாகவோ படியாகவோ தோன்றுவது முதியோர் இல்லங்கள், மருத்துவமனைத் தரைகளை வடிவமைப்பவர்கள் நன்கு அறிந்த விஷயம். புரை உள்ள கண்ணுக்கு ஆழம் சரியாகப் பிடிபடாது. ஈரத் தரையில், வலிக்கும் முழங்காலோடு, இல்லாத படியைத் தாண்டுகிறவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். வழுக்காத டைல் போட்டும் பயனில்லாமல் போகும் இடம் இது.

ஆசிரியை கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் ஆசைப்பட்டது அந்தக் கறுப்பைத்தான். “மாமிக்குப் பழகிவிடும்” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பழகலாம்தான். ஆனால் இரவில் மின்சாரம் போகும் நேரமும், தூக்கக் கலக்கமும் பழக்கத்தைக் கேட்பதில்லை என்றேன். கணவருக்குக் கைபேசியில் அழைத்துப் பேசிவிட்டு, மாற்றலாம் என்றார்.

அன்றே தரையில் வைத்து மாற்றினோம். நிறைந்த கட்டங்கள் எதுவும் வேண்டாம். அடித்தளம் இளஞ்சாம்பல். சாய்சதுரத்தின் எல்லைக் கோடு மட்டும் ஒரு டைல் அகலத்தில், அதைவிட ஒரு படி மட்டும் அடர்ந்த சாம்பல். மையத்தில் ஒரேயொரு செங்கல் சிவப்பு டைல். கறுப்புப் பெட்டிகளைப் பிரிக்காமல் வைத்திருந்ததால் கடையில் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். பரப்பிப் பார்ப்பதற்கென ஒரு பெட்டியை மட்டும் உடைத்து, மிச்ச இடத்துக்குக் கறுப்புத் தாள் வெட்டி வைத்திருந்தோம். சிவப்பு டைல் கடையின் மிச்சப் பெட்டியிலிருந்து வந்தது. அதன் தடிப்பு மற்றதைவிட ஒரு மி.மீ. குறைவு, ஒட்டும்போது கவனிக்கவேண்டியிருந்தது.

மாமியார் மறுபடி நடந்தார். நிற்கவில்லை. வெள்ளைக் கமோட் சாம்பல் தரையில் தெளிவாகத் தெரிவதாகவும் சொன்னார். அது நாங்கள் யோசிக்காத நன்மை.

வெட்டும் ஒட்டும்

வெட்டு வேலை தண்ணீர் ஓடும் கட்டரில்தான் நடக்கவேண்டும் என்று முதலிலேயே பேசிவைத்தோம். போர்சலினை உலர் கிரைண்டரில் வெட்டினால் எழும் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு நேரடிக் கேடு. தை மாதம் என்பதால் ஊற்றுத் தண்ணீர் குறைந்திருந்தது. ஓடிய தண்ணீரையே பீப்பாயில் தெளியவைத்துத் திரும்பப் பயன்படுத்தினார்கள். வெட்டிய டைல்களை வரிசை வரிசையாக, பின்புறம் எண் எழுதி, உரச் சாக்குகளில் கட்டிவைத்தார் பாஸ். அந்த ஒழுங்குக்கு அவருக்குத் தனிப் பாராட்டு.

ஒட்டுவதற்கு வெறும் சீமெந்துக் கூழ் போதும் என்பது அவருடைய பழக்கம். போர்சலின் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது, கூழ் அதில் பற்றாது. டைலுக்கென்றே வரும் ஒட்டுச்சாந்து வாங்கினோம். சுவர் டைலை அடி வரிசை விட்டு மேலே முடித்து, பிறகு தரை, கடைசியில் சுவரின் அடி வரிசை. அந்த அடி வரிசை தரையின் வெட்டு விளிம்புகளை மூடிவிடும்.

இரவுக் குளிர் 15 பாகைக்குக் கீழே போகும் காலம், சாந்து மெதுவாகவே இறுகும். கொழும்பில் மறுநாளே நடப்பார்கள். இங்கே இன்னும் ஒரு நாள் கூடுதலாக விட்டு இடைவெளிகளை நிரப்பச் சொன்னேன். நிரப்பியது சாம்பல் நிறக் கலவையால். வெள்ளை போட்டால் முதல் மழைக்காலத்திலேயே கறுத்துவிடும். மெருகில்லாத டைலில் கலவையின் படலம் ஒட்டிக்கொள்ளும் என்பதால், மிச்சத் துண்டு மூன்றில் பூசிப் பார்த்து, எவ்வளவு நேரத்துக்குள் துடைக்கவேண்டும் என்று பார்த்த பிறகே தரையில் கை வைத்தார்கள். சிவப்பில்தான் படலம் அதிகம் தெரிந்தது.

பின்னர் நடந்தவை

தண்ணீர் எங்கும் நிற்கவில்லை. மாமியார் சுவரைப் பிடிக்காமல் முக்காலிவரை போகிறார். மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தபோது அதுவரை யாரும் வழுக்கவில்லை என்றார்கள். ஒரு வீட்டின் ஒரு பருவத்தை வைத்து இதைப் பெரிய சான்றாகச் சொல்ல முடியாதுதான்.

இரண்டு குறைகள் வந்தன. வடிகாலைச் சுற்றிய மூலை டைல் நாலில் ஒன்று, வெட்டின் உள்மூலையிலிருந்து கீறல் விட்டது. உள்மூலை கூராக இருந்தால் அழுத்தம் அங்கேதான் சேரும். மிச்சம் வைத்திருந்த டைலில் ஒன்றை எடுத்து மாற்றினார்கள். அடுத்தது, கமோட்டின் பின்னாலும் பின்சுவர்ப் பட்டையிலும் இடைவெளிகள் பச்சை படர்ந்து கறுத்தன. ஜன்னல் சின்னதாகவே இருந்ததன் விளைவு.

ஆசிரியைக்கு இன்னும் முழு மனம் இல்லை. தரை நன்றாக இருக்கிறது, ஆனால் படம் எடுத்தால் எடுப்பாக இல்லை என்கிறார். அது உண்மைதான், சாம்பலில் சாம்பல் படத்தில் எழாது. சின்ன மகள் மட்டும் சிவப்பிலிருந்து சிவப்புக்குத் தாவி, மூன்றாவது சிவப்பு வரவேண்டிய இடத்தில் வடிகால் மூடி இருப்பதைப் பற்றிப் புகார் சொல்கிறாள்.

அடுத்த வேலைகளில் மாற்றுபவை

நிறத்தை முடிவு செய்து டைல் வாங்கிய பிறகு ஆளை நடக்கவிடுவது தாமதம். இப்போது அளவெடுக்கும் நாளிலேயே கறுப்பு, சாம்பல் தாள்களை அரை மீற்றர் கட்டங்களாக வெட்டிக்கொண்டு போகிறேன். கண் மங்கியவர்கள், தடியோடு நடப்பவர்கள் இருந்தால் அவர்களை முதலில் நடக்கச் சொல்கிறேன். அதோடு, வரைவதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர்களிடம் எந்த உருவம் காலடியில் வரக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். தாமரை, ஓம், சக்கரம், வேல் என்று வீட்டுக்கு வீடு பட்டியல் மாறுகிறது. கிறிஸ்தவ வீடொன்றில் சிலுவைபோல் விழும் நாலு டைலை மாற்றச் சொன்னார்கள்.

வடிகாலைச் சுற்றி உள்மூலை வெட்டுவதற்கு முன், அந்த மூலையில் 6 மி.மீ. துளை போட்டுக்கொள்ளச் சொல்கிறேன். துளையில் முடியும் வெட்டு கீறல் விடுவது குறைவு. ஜன்னல் சின்னதாக இருக்கிற அறைகளில், குளிக்கும் பகுதிக்கு மட்டுமாவது, இடைவெளிகளை நிரப்ப, தண்ணீர் எளிதில் உறிஞ்சாத எப்பொக்சிக் கலவையை மதிப்பீட்டில் தனி வரியாகக் காட்டுகிறேன். விலையைப் பார்த்துப் பலர் வேண்டாம் என்பார்கள். அப்படியானால் அதே காசுக்கு ஜன்னலை ஒரு அடி அகலமாக்கலாமா என்று அடுத்த வரியில் கேட்கிறேன். டைல் மிச்சம் பத்து சதவீதம் வீட்டிலேயே வைக்கச் சொல்கிறேன், தயாரிப்புத் தொகுதி எண் எழுதிய பெட்டி மூடியோடு சேர்த்து.